அம்மாவின் மஜ்ஜை ரிப்போர்ட்டும் நாலு தடவை மலையிறங்கிய கதையும்

கோத்தகிரியிலிருந்து கோவைக்கு ஒரே மாதத்தில் நாலு தடவை இறங்கி ஏறியாச்சு. அதில் இரண்டு தடவை சுத்த வீண். எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

அம்மாவுக்கு 58 வயது. ஹீமோகுளோபின் 6.8, வெள்ளணு 2,100, பிளேட்லெட் 22,000. பி12 ஊசி போட்டுப் பார்த்தும் ஏறவில்லை. மூன்றும் சேர்ந்து குறைந்தால், எலும்புக்குள் ரத்தம் உருவாகும் இடமான மஜ்ஜையைப் பார்த்தே ஆகணும் என்று அனுப்பிவிட்டார்கள்.

முதல் தடவை இடுப்பெலும்பில் ஊசி போட்டு உறிஞ்சி மட்டும் எடுத்தார்கள். எலும்புத் துண்டும் எடுக்கணும் என்பது எனக்குத் தெரியாது, அவர்களும் சொல்லவில்லை. ஒரு வாரம் காத்திருந்தால் ரிப்போர்ட்டில் 'கொழுப்புத் துளிகள், மிகச் சில செல்கள், முடிவு சொல்ல இயலாது'. இதற்கா அம்மா அத்தனை வலி பட்டார்? மஜ்ஜையில் செல் குறைவாக இருந்தால் உறிஞ்சும்போது வெறும் ரத்தம்தான் அதிகம் வருமாம். கொழுப்பு எவ்வளவு, செல் எவ்வளவு என்பது துண்டில்தான் சரியாகத் தெரியும். அதனால் ஊசி போடும் முன்பே "துண்டும் எடுக்கிறீங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் தடவை எடுத்தார்கள். பிளேட்லெட் குறைவானவர்களுக்கு ரத்தம் நிற்க நேரமாகும். அன்றே கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக்கொண்டு வராமல் கீழேயே தங்கிவிடுங்கள். நாங்கள் தங்கவில்லை, மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் கட்டு நனைந்துவிட்டது. இன்னொன்று, எலும்பை மிருதுவாக்கித்தான் மெல்லிசாகச் சீவ முடியும் என்பதால் துண்டின் ரிப்போர்ட் தாமதமாகத்தான் வரும். தினமும் போன் போட்டுத் திட்டு வாங்காதீர்கள்.

ரிப்போர்ட்டில் செல் 10 சதவீதம், மீதி கொழுப்பு. வீட்டில் நெய், வெண்ணெய் எல்லாம் அன்றோடு நின்றது. மச்சினன் வேறு 'மஜ்ஜைக்கு மஜ்ஜை' என்று நல்லி எலும்பு வாங்கி வந்து சூப் வைத்தார். அந்த நல்லிக்குள் இருப்பதே பெரும்பாலும் கொழுப்புதான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

வேறொரு ரத்தநோய் டாக்டரிடம் காட்டலாம் என்றால் அவர் லேபில் இருக்கும் ஸ்லைடும், துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கும் கேட்டார். மூன்றாம் பயணம். லேப் கவுண்டரில், "ஒரிஜினல் ரசீது இல்லாம தர முடியாது தம்பி." போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரசீது அம்மாவின் சுருக்குப்பையில், அம்மா கோத்தகிரியில். திரும்ப மலையேறினேன்.

நாலாம் தடவை ரசீதை நீட்டியதும் இரண்டே நிமிஷத்தில் கொடுத்துவிட்டார்கள். அதுதான் இன்னும் எரிகிறது.

ஆனால் அந்த டாக்டர் உட்கார வைத்துப் பேசினார். ஸ்லைடின் படம் ஆப்பம் மாதிரி இருந்தது, வட்ட வட்டமாக ஓட்டை. பதப்படுத்தும்போது கொழுப்பு கரைந்து போய்விடுமாம், அந்த ஓட்டைதான் கொழுப்புச் செல் இருந்த இடம். வயது ஏற ஏற எல்லோருக்குமே மஜ்ஜையில் கொழுப்பு கூடும். நூறிலிருந்து வயதைக் கழித்தால் செல் சதவீதம் தோராயமாக வரும் என்றார். அம்மாவுக்கு நாற்பதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது பத்தில் நிற்கிறது.

"கொழுப்பு வந்துதான் ரத்தச் செல்லை விரட்டிடுச்சா சார்?"

அம்மாவுக்கு அப்படியில்லை என்றார். உடம்பின் எதிர்ப்பு அணுக்களே ரத்த மூலச் செல்களை, அதாவது எல்லா ரத்த அணுக்களும் பிறக்கும் தாய்ச் செல்களை, தாக்கி அழித்திருக்கின்றன, காலியான இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. சாப்பிடும் நெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சொல்லப்போனால் பட்டினி கிடந்தால்கூட மஜ்ஜைக் கொழுப்பு கூடும் என்றார். (மச்சினன் முகத்தைப் பார்க்கணுமே!) அதற்காகக் கொழுப்பு சும்மா இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு இருக்கிறது என்றும் சொல்ல முடியாதாம். 2009-இல் எலிகளில் பார்த்தபோது, கொழுப்பு நிறைந்த வாலெலும்பில் ரத்த மூலச் செல்கள் குறைவாக இருந்தன, கொழுப்புச் செல் உருவாகாத எலிகளுக்குக் கதிர்வீச்சுக்குப் பிறகு ரத்தம் சீக்கிரம் தேறியது. சரி, அப்படியென்றால் கொழுப்பு வில்லன் என்று முடிவு கட்டினேன். 2017-இல் வந்த இன்னொரு எலி ஆய்வு தலைகீழ்: நீள எலும்புகளில் அதே கொழுப்புச் செல்கள் மூலச் செல்லை வளர்க்கும் ஒரு புரதத்தைச் சுரந்து ரத்தம் மீள உதவின. எந்த எலும்பு, எந்த நேரம் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

இப்போது அந்த எதிர்ப்பு அணுக்களை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து ஓடுகிறது. திங்கட்கிழமை அடுத்த ரத்தப் பரிசோதனை, அது கோத்தகிரியிலேயே எடுக்கலாம். அம்மா நேற்று சாதத்தில் நெய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரசீதுகள் எல்லாம் இப்போது என் சட்டைப்பையில்.