மக்ஸ் ஐசன் ஐயாவின் சாட்சியம்

நமது கல்லூரியில் சாதாரண தரத்துக்கு வரலாறு படித்தவர்களுக்கு, முதலாம் உலகப் போரின்பின் ஜேர்மனியோடு செய்யப்பட்ட வேர்சாய் உடன்படிக்கையின் நிபந்தனைகள் இன்றும் வரிசை தவறாமல் நினைவிருக்கும். ஆசிரியர் எழுப்பி நிறுத்தி ஒப்புவிக்கச் செய்வார். இரண்டாம் உலகப் போரின் காரணங்கள் பரீட்சைக்கு நிச்சயம் என்று அடித்துச் சொல்வார். அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்ட செய்தியும் அந்தப் பாடத்தில் இருந்தது, ஒரேயொரு வசனமாக. அந்த வசனத்துக்குள்ளிருந்து உயிரோடு வெளியே வந்த ஒருவரை, நான் ஆசிரியராகி ரொறன்ரோவில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் காலத்தில்தான் கண்டேன்.

மக்ஸ் ஐசன் 1929 இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் மொல்டாவா என்ற சிற்றூரில் பிறந்தவர். 1938 இல் அந்தப் பகுதி ஹங்கேரியின் கைக்குப் போனது. 1944 இல் யூதர்களின் பஸ்கா பண்டிகை நாட்களில் ஹங்கேரியக் காவற்படையினர் வந்து குடும்பத்தை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். செங்கற்சூளை ஒன்றில் சில வாரம் அடைத்துவைத்துப் பிறகு ரயிலேற்றினார்கள். அந்த ஆண்டு மே நடுப்பகுதியில் தொடங்கி எட்டு வாரங்களுக்குள் ஹங்கேரியிலிருந்து நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் நாடுகடத்தப்பட்டார்கள். மிகப் பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்த இடம், போலந்தில் நாசி ஜேர்மனியர் நடத்திய கொலை முகாமான அவுஸ்விட்ஸ். ஐயாவின் தாய், இரண்டு தம்பிமார், கைக்குழந்தையான தங்கை, பாட்டன், பாட்டி எல்லோரும் அங்கே வந்திறங்கியதுமே நச்சுவாயுக் கூடத்தில் கொல்லப்பட்டார்கள். பதினைந்து வயதான அவரும் தந்தையும் சிற்றப்பாவும் அடிமை வேலைக்கு ஒதுக்கப்பட்டார்கள்.

ஜூலை மாதத்தில் தந்தையும் சிற்றப்பாவும் பிரித்தெடுக்கப்பட்டார்கள். முள்வேலிக்கு மறுபுறம் நின்ற தந்தை மகனை ஆசீர்வதித்து, நீ உயிர் தப்பினால் இங்கே நடந்ததை உலகத்துக்குச் சொல்லவேண்டும் என்று கூறி அனுப்பினார். பிறகு அவர்களை அவர் காணவில்லை.

இந்தக் கதையில் என்னால் மறக்கவே முடியாதவர் ஒரு வைத்தியர். வேலைத்தளத்தில் எஸ்.எஸ். என்ற நாசிப் படையின் காவலாளி ஒருவன் துப்பாக்கிப் பிடியால் சிறுவனின் தலையில் அடித்தான். முகாமின் சத்திரசிகிச்சைக் கூடத்தில் காயத்துக்குச் சிகிச்சை செய்தவர் ததேயுஷ் ஓஷேஷ்கோ. அவர் போலந்து நாட்டவர். அவரும் ஓர் அரசியற் கைதிதான். வேலைக்கு உதவாத நோயாளிகளை நச்சுவாயுக் கூடத்துக்கு அனுப்புவது அங்கே வழக்கம். சிறுவனையும் தூக்குப் படுக்கையில் கிடத்தியாயிற்று. வைத்தியர் அவனை இழுத்தெடுத்து, ஒரு வெள்ளை மேலங்கியைக் கொடுத்து, இனி நீ என் உதவியாள் என்றார். தரை துடைப்பதும் கருவிகளைக் கிருமி நீக்குவதுமாக, 1945 ஜனவரியில் முகாமைக் காலிசெய்யும்வரை அவன் அங்கே பிழைத்திருந்தான். அதிகாரம் எதுவுமில்லாத ஒரு கைதிக்கு அந்த ஒரு கணத்தில் எவ்வளவு துணிவு இருந்திருக்கவேண்டும்!

பிறகு கைதிகள் பலர் வழியிலேயே செத்து விழுந்த, பனியில் மரண நடை, மௌட்ஹவுசன், மெல்க், எபன்சே என்று முகாமுக்குமேல் முகாம். 1945 மே 6 அன்று எபன்சேயை விடுவித்தவர்கள் அமெரிக்கப் படையினர். 1949 இல் ஐயா கனடா வந்தார்.

தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு பாடசாலை பாடசாலையாகச் சென்று பேசினார். நான் கேட்ட அன்று குரலை உயர்த்தவே இல்லை. பிள்ளைகளை அழவைக்க அவர் முயலவில்லை. எது, எங்கே, யார் என்று நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவரைப்போல் சொன்னார். உண்மையிலேயே நீதிமன்றமும் ஏறினார். 2015, 2016 ஆம் ஆண்டுகளில் அவுஸ்விட்ஸில் பணியாற்றிய எஸ்.எஸ்.காரர்களான ஒஸ்கார் குரோனிங், ரைன்ஹோல்ட் ஹனிங் ஆகியோர்மீது ஜேர்மனியில் நடந்த வழக்குகளில் சாட்சியமளித்தபோது அவருக்கு வயது எண்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. மாணவர்களோடு அவுஸ்விட்ஸுக்கும் பலமுறை போய், அதே மண்ணில் நின்று விளக்கினார். தந்தை சொன்னதை அவர் இப்படித்தான் நிறைவேற்றினார்.

2022 ஜூலையில் காலமானார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஒன்ராறியோவில் ஆறாம் வகுப்புக்கு யூத இனப்படுகொலை கட்டாயப் பாடமானது. பாடம் வந்துவிட்டது, ஐயா இல்லை. இதே மாகாணத்தில் 2021 முதல் தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரமும் சட்டமாகியிருக்கிறது. ஆனால் அந்த வாரத்தில் வகுப்பறைக்கு வந்து, தான் கண்டதைக் கண்டபடி சொல்ல நம்மில் எத்தனைபேர் முன்வருகிறோம்?

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் நமது சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். வன்னியில் இறுதிவரை நின்று மீண்டவர்களும் இருக்கிறார்கள். வருகிற மே மாதம் என் மாணவர்கள்முன் பேசச் சம்மதிப்பவர்கள் மலர்க்குழுவிடம் பெயரைக் கொடுங்கள். தமிழில் பேசினாலே போதும், மொழிபெயர்க்க நான் பக்கத்தில் இருப்பேன். வீட்டுக்கு வந்து அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதும் என் பொறுப்பு.