ஆளைப் பார்த்து எழுதும் நாடகம்

வடசென்னையில் காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ தெருவில் மேடை போட்டு, அந்தத் தெருக்காரர்களையே நடிக்க வைக்கும் குழுவுக்கு, எழுதி முடித்த நாடகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடிகர் தேடும் வழக்கம் ஒத்துவராது. இங்கே ஆள் முதலில், பிரதி பிறகு. யார் யார் வருவார்கள், எந்த நேரம் அவர்களுக்கு ஒழியும், யார் குரல் எவ்வளவு தூரம் போகும், யாருக்கு டோலக் அடிக்க வரும் என்பதெல்லாம் தெரிந்த பிறகு நாடக ஆசிரியர் எழுத உட்கார்ந்தால் போதும்.

வடசென்னைக்கு இது பழைய பாடம். 1891-ல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் ஜார்ஜ் டவுனில் சுகுண விலாச சபா என்ற அமெச்சூர் நாடகக் குழுவைத் தொடங்கியபோது, தொழில்முறை நாடகக் கம்பெனிகளில் பாட்டுதான் ராஜா. சபாவில் சேர்ந்தவர்களோ வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள். விடிய விடியப் பாடிப் பழகியவர்கள் அல்ல; பேசத் தெரிந்தவர்கள். பம்மல் நாடகங்களில் உரைநடை வசனம் முன்னுக்கு வந்ததற்கு இந்த நடிகர்களும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. பெண் வேஷத்துக்கு ரங்கவடிவேலு என்ற வக்கீல் வாய்த்தார். பம்மல் நாயகன், அவர் நாயகி என்று அந்த ஜோடி பல வருஷம் நின்றது. மறுபக்கம், தொழில்முறைக் கம்பெனிகளுக்கு எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள். 1918-ல் மதுரையில் பாலர் நாடக சபை ஆரம்பித்தவர், எழுதியதைத் தானே வாத்தியாராக உட்கார்ந்து பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவருடைய வள்ளி நாடகத்தில் முருகனும் வள்ளியும் செய்யும் தர்க்கம் இன்றைக்கும் நடிகர்கள் மேடையிலேயே கட்டிக்கொள்வது. எழுதியவர் விட்டுவைத்த இடத்தை நடிகர் நிரப்புகிறார். வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் வந்து ஆடிய கம்பெனிகளிலும், எழுதுகிறவருக்கும் ஆடுகிறவருக்கும் இருந்த நெருக்கம் இந்த மாதிரிதான்.

இன்றைய குழுவுக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது காலண்டர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகு மராமத்து, வலை வேலை எல்லாம் இருந்தாலும் ஆட்கள் கரையில் இருப்பார்கள். மே மாதம் பள்ளிக்கூடப் பசங்களுக்கும் லீவு. காசிமேடு, ராயபுரம் பக்கத்து ஆட்களை வைத்து ஒத்திகை பார்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது. ஜூலை நடுவில் ஆடி பிறந்தால் அம்மன் கோயில் திருவிழா, மேடை தானாகக் கிடைக்கும். இடையில் இருக்கும் ஒரு மாதம்தான் கண்டம்: தடை நீங்கியதும் படகுக்குப் போகிறவர் நாள் கணக்கில் திரும்ப மாட்டார். அதனால் அவருக்கு எழுதும் வேஷம் இரண்டு காட்சிக்கு மேல் போகக்கூடாது. முதல் காட்சியிலும் கடைசிக் காட்சியிலும் அவர் இருக்கக்கூடாது. நாடக நாளன்று அவர் கடலில் இருந்தாலும் மாற்று ஆளை இறக்கி ஒப்பேற்றலாம். கதாநாயகனை அவரிடம் கொடுத்துவிட்டு ஆடி வெள்ளியன்று கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் குழுக்கள் உண்டு.

மீன் ஏலத்துக்குப் போகும் அக்காமார் விடிவதற்கு வெகு முன்பே எழுந்து கிளம்புகிறவர்கள். அவர்கள் காட்சியை ஏழு மணிக்கே எடுத்து, எட்டரைக்கு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவருக்கு நேரமே கிடையாது. துறைமுக வாசலில் வண்டி வரிசையில் நின்றால் நின்றதுதான். அவருக்குத் தனிக்காட்சி ஒன்று எழுதலாம், அல்லது குரலை மட்டும் பதிவுசெய்து வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு நான்கு மாலை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், ஏழு எட்டு வாரம். இதற்குக் குறைந்தால் பாடம் ஏறாது.

ஆள் எடுக்கும்போது சினிமா வசனம் பேசச் சொல்லாதீர்கள். எல்லோரும் யாரோ ஒரு நடிகராகப் பேசிக் காட்டுவார்கள், அவர்கள் குரல் நமக்குக் கேட்கவே கேட்காது. ஏலத்தில் ஒரு கூடை சங்கரா மீன் எப்படி எடுப்பது, கூறு கட்டுவது எப்படி, கேஸ் சிலிண்டர் தீர்ந்த ராத்திரி என்ன செய்வது என்று கேளுங்கள். பேசப் பேச மூச்சு எங்கே விடுகிறார், கை எங்கே போகிறது, கோபம் வந்தால் சத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஆசிரியர் நோட்டில் குறித்துக்கொள்ளலாம். பிறகு 40 அடி தள்ளி நிற்க வைத்து மைக் இல்லாமல் ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள். கடைசி எழுத்து வரை கேட்டால் போதும். பல பேருக்கு வாக்கியத்தின் வால் விழுங்கிப்போகும். அவர்களுக்கு எழுதும்போது முக்கியமான சொல்லை வாக்கியத்தின் தலையில் வைத்துவிடுங்கள். தமிழில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

பிரதியின் நீளத்தில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். ஒரு மணி நேர நாடகம் என்றால் பாட்டும் பறையும் பத்து நிமிஷம், நடமாட்டமும் மௌனமும் ஐந்து நிமிஷம் போக, பேச்சுக்கு 45 நிமிஷம். தெருமேடையில் நிதானமாகப் பேசினால் நிமிஷத்துக்கு 90 சொல். ஆக 4000 சொல்தான் கணக்கு. 7000 சொல்லோடு வந்தால் நாடகம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும். எட்டு மணி நிகழ்ச்சி பிரமுகர்கள் பேசி முடித்து எட்டே முக்காலுக்குத் தொடங்கும். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது. முடிவுக் காட்சிதான் அடிவாங்கும். ஒரே மூச்சில் சொல்லக்கூடிய வரி எட்டிலிருந்து பத்துச் சொல். அதற்கு மேல் போனால் உடைத்து எழுதுங்கள்.

பேச்சு வழக்கு விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. எல்லாப் பாத்திரமும் எல்லா வரியிலும் ‘இன்னா’, ‘கீறான்’, ‘வந்துகினு’ என்று பேசினால் அது சினிமா மெட்ராஸ் பாஷை. ஐம்பது வயசுக்காரர் ‘கீறான்’ என்பார், அவர் மகள் ‘இருக்கான்’ என்பாள். அதே ஆள் பேங்க் கவுன்டரில் வேறு தமிழ் பேசுவார், வீட்டுத் திண்ணையில் வேறு தமிழ் பேசுவார். வண்ணாரப்பேட்டையில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. வட இந்தியர் வாழும் சவுகார்பேட்டைக் கடைக்காரரின் தமிழுக்கு அதன் சொந்தச் சாயல் இருக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தை நடிகர்களே நாடக ஆசிரியருக்குச் சொல்லிக் கொடுப்பார்கள், அவர் காது கொடுத்தால். ஒரு வரி எப்படி மாறும் என்பதற்கு மாதிரி சொல்கிறேன். எழுதி வந்தது:

“உன் அப்பா கடலுக்குப் போய் ஆறு நாளாகிறது. ஒரு தகவலும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, கண்ணா.”

அம்மா வேஷக்காரரிடம் கையில் கரண்டியைக் கொடுத்து, அவர் வாயில் எப்படி வருகிறதோ அப்படிச் சொல்லவிட்டால் மூன்றாவது ஒத்திகையில் இப்படி நிற்கும்:

“ஆறு நாளாச்சிடா உங்க நைனா போயி. அவருக்கும் சேத்துத்தான் இன்னிக்கும் கொழம்பு வெச்சிகீறேன். ஒரு பக்கமா மூடி வை.”

பயம் என்று சொல்லவே இல்லை, பார்க்கிறவருக்குப் புரிந்துவிடுகிறது. மகனாக நடிக்கிற பையனுக்குச் செய்ய ஒரு வேலையும் கிடைத்துவிட்டது. நாடக ஆசிரியர் இந்த வரியை அப்படியே எழுதிக்கொண்டு, பழையதை அடித்துவிட வேண்டும். ஆனால் இந்த மாற்றத்துக்கு ஒரு கெடு வேண்டும். நாடகத்துக்குப் பத்து நாள் முன்னால் பிரதியைப் பூட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு ஒரு வரியை மாற்றினால், எதிரே நிற்பவர் பழைய கடைசிச் சொல்லுக்காகக் காத்துக்கொண்டே இருப்பார். மேடையில் திடீரென்று விழும் மௌனங்களில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான். நடிகர் மறந்துவிட்டார் என்று பழி போடுவது அநியாயம்.

படிக்க வராத நடிகருக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பலாம். அதைப் பேசுகிறவர் உணர்ச்சி இல்லாமல், சமமாகப் பேசி அனுப்ப வேண்டும். நாடக ஆசிரியர் அழுதும் சிரித்தும் பதிவுசெய்து அனுப்பினால், குழு முழுக்க அவர் ராகத்திலேயே பேசும். எதிராளியின் வரியைப் பேசிவிட்டு, இவர் வரிக்கு உண்டான நேரத்தைச் சும்மா விட்டு இன்னொரு பதிவும் அனுப்பினால், பஸ்ஸில் போகும்போதே பாடம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏழு பேர், பதின்மூன்று பாத்திரம் என்பது சாதாரணம். ஒரு நோட்டில் குறுக்கே காட்சி எண், நெடுக்கே நடிகர் பெயர் எழுதி, யார் எங்கே என்ன வேஷம் என்று நிரப்புங்கள். நான்காம் காட்சியில் வெளியே போகிறவர் ஐந்தாம் காட்சியில் வேறு ஆளாக வருகிறார் என்றால், நடுவில் குறைந்தது 90 வினாடி தேவை. இல்லாவிட்டால் அங்கே ஒரு பறையடியோ இரண்டு வரிப் பாட்டோ வைக்க வேண்டும். தெருக்கூத்தில் கதையை நடத்திக்கொண்டு போகும் கட்டியங்காரன் மாதிரி ஒரு பாத்திரம் இருந்தால் இந்த இடமெல்லாம் அவன் சொத்து. போலீஸ் வேஷத்துக் காக்கிச் சட்டையில் பட்டனை மேலே சும்மா தைத்து, உள்ளே வெல்க்ரோ வைத்துவிடுங்கள். அதைப் பிரிக்கும் ‘பர்ர்ர்’ சத்தம் மைக்கில் ஏறும் என்பதால் பத்தடி தள்ளிப் போய் மாற்ற வேண்டும். பெண் நடிகர்கள் உடை மாற்றவும் கழிவறைக்கும் மேடைக்குப் பக்கத்து வீடு ஒன்றை முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பது கட்டாயம். இதைக் கடைசி நாளுக்குத் தள்ளும் குழுவிலிருந்து பெண்கள் விலகிப்போனால் குற்றம் குழுவுடையது.

மேடை 20 அடிக்கு 16 அடி, உயரம் மூன்றடி. நான்கடிக்கு மேல் ஏற்றினால் முன்னால் தரையில் உட்காரும் பிள்ளைகளுக்கு நடிகரின் முகம் தெரியாது. கடலோரத் தெருக்களில் மேடையின் முதுகு கிழக்கே இருக்கட்டும். சாயங்காலக் காற்று கடலிலிருந்து வரும். குரலைக் கூட்டத்தின் பக்கம் அதுவே கொண்டு போகும். எதிர்த்திசையில் போட்டால் பின்வரிசைக்காரர் உதட்டசைவை மட்டும் பார்ப்பார். மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை போடாவிட்டால் காற்று உறுமும். ஸ்பீக்கர் பெட்டியை மைக் வரிசைக்கு நான்கடி முன்னால் தள்ளி வைக்காவிட்டால் ஊளையிடும். கோயில் சீரியல் லைட் எடுக்கும் லைனிலேயே மைக் செட் மிக்சருக்கும் கரண்ட் எடுக்கக்கூடாது; தனி லைன் கேட்டு வாங்குங்கள்.

வியாசர்பாடி ஜீவா, கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை ஸ்டேஷன்களை ஒட்டிய தெருக்களில் ரயிலையும் பிரதியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வண்டி கடக்க அரை நிமிஷம் ஆகும். அதைக் கத்தி ஜெயிக்க முடியாது. ஹாரன் கேட்டதும் பறைக்காரர் ஒரு அடி கொடுப்பார். மேடையில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, கையில் இருக்கும் வேலையை மட்டும் தொடர்வார்கள். வலை பிரிப்பது, பாத்திரம் தேய்ப்பது, பீடி பற்றவைப்பது. வண்டி போனதும் கடைசியாகப் பேசியவரே அந்த வரியைத் திருப்பிச் சொல்லித் தொடங்க வேண்டும். யார் தொடங்குவது என்று முன்பே பேசி வைக்காவிட்டால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். ஒவ்வொரு காட்சியிலும் இப்படிக் கைவேலை ஒன்று இருக்கும்படி எழுதுவது ஆசிரியர் பொறுப்பு.

கானா பற்றி ஒரு வார்த்தை. சாவு வீட்டில் ராத்திரி விழித்திருந்து, போனவரை நினைத்துப் பாடிய பாட்டு அது. கைதட்டலுக்காக நடுவில் ஒரு கானாவைச் செருகுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கதையில் அதற்கு இடம் இருந்தால், விஷயத்தை மட்டும் கானா பாடுகிற நடிகரிடம் சொல்லிவிட்டு வரிகளை அவரையே கட்ட விடுங்கள். மெட்டும் சொல்லும் அவருக்குச் சேர்ந்தேதான் வரும். ஆசிரியர் எழுதிக் கொடுத்தால் தாளத்தில் உட்காராது. நோட்டீஸில் ‘கானா ஆக்கம்’ என்று அவர் பெயரைத் தனியாகப் போடுங்கள்.

நோட்டீஸ் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பேனர் முழுக்க உபயதாரர் படம், மூலையில் ‘மற்றும் பலர்’ என்று நடிகர்கள். இது மாற வேண்டும். பாத்திரமும் நடிகர் பெயரும், பிரதி எழுதியவர், பறை, டோலக், விளக்கு, மைக் செட், உடை மாற்ற வீடு கொடுத்தவர் எல்லாமே ஒரு ஏ5 தாளில் அடங்கும். கூட்டுமுயற்சியில் உருவான பிரதி என்றால் ‘எழுத்து’ என்று ஒருவர் பெயரையும், ‘வசன ஆக்கத்தில் பங்கு’ என்று நடிகர் பெயர்களையும் போடுவதுதான் நேர்மை. அம்மா வேஷக்காரரின் குழம்பு வரியை ஆசிரியர் மட்டும் எழுதியதாகச் சொல்ல முடியாது.

நாடகம் மூன்றாவது முறை மேடையேறி முடிந்த வாரத்தில் பிரதியைத் திரும்ப எழுதுங்கள். மேடையில் நிலைத்த வரிகள், ரயிலுக்கு நின்ற இடங்கள், எந்த வரியை யார் மாற்றினார்கள், வேஷ மாற்றத்துக்கு நிஜமாக எத்தனை வினாடி ஆனது, எல்லாம் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். தேதி போட்டு நான்கு பிரதி எடுத்து நான்கு வீடுகளில் வைக்கலாம். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் ஏறாத மாடி வீடுகளாகப் பார்த்து வையுங்கள். அடுத்த ஆடிக்கு அம்மா வேஷத்துக்குப் புதியவர் வந்தால் ஒத்திகையை அந்தப் பிரதியிலிருந்து தொடங்கலாம். இரண்டாவது வாரத்திலேயே அந்த வரிகள் அவர் வாய்க்குத் தகுந்த மாதிரி மாற ஆரம்பிக்கும். அதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.