சர்வோ சேவர் நட்டு ஒருவழியா செட் ஆச்சு: பனைமரத்துல முட்டியும் சர்வோ பத்திரம்

என் ரிமோட் கார் முழு த்ராட்டில்ல போய் பனைமரத்து அடியில நேரா முட்டுச்சு. முன் வீல் ரெண்டும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துட்டு நிக்குது, சரி இன்னைக்கு கடை மூடியாச்சுன்னு ஓடிப்போய் தூக்கிப் பார்த்தா வீலைத் திருப்புற டை ராட் கம்பி நுனியில ஒரு பால் கப் மட்டும் கழண்டிருக்கு. அங்கயே விரல்ல அழுத்தி மாட்டிட்டு பேட்டரி தீர்ற வரைக்கும் ஓட்டினேன். சர்வோ (ஸ்டீயரிங்கைத் திருப்புற மோட்டார்) பல்லு, அது தலையில மாட்டுற கையான ஹார்ன், அங்கிருந்து டை ராடைத் தள்ளுற பெல்க்ராங்க், எதுக்கும் ஒண்ணும் ஆகல. காரணம் சர்வோ சேவர், வீல்ல விழுற அடி சர்வோவுக்குப் போகாம வாங்கிக்கிற ஸ்பிரிங் சாமான். இதே வண்டி முன்னாடி ஒரு சின்ன வரப்புல இடிச்சதுக்கே சர்வோவுக்குள்ள பல்லு உதிர்ந்து கரகரன்னு அழுதது, அதனால இந்தப் பெருமையை எழுதாம விட முடியாது.

வண்டி 1/10 அளவு ஸ்டேடியம் ட்ரக், 2எஸ் லிப்போ (ரெண்டு செல் பேட்டரி), சேவர் பெல்க்ராங்க்லயே உட்கார்ந்திருக்குற டைப். சர்வோ நம்ம எல்லார் வீட்டுலயும் கிடக்குற எம்ஜி996ஆர் தான், 6 வோல்ட்ல 11 கிலோ-செ.மீ. டார்க்குன்னு பேப்பர்ல போட்டிருக்கும். மெட்டல் கியர்தானே, உடையாதுன்னு நினைக்கிறவங்க ஒருவாட்டி கழட்டிப் பாருங்க, உள்ள பல்லு எவ்வளவு மெல்லிசுன்னு தெரியும்.

என்கூட ஓட்டுற பங்காளி ஒருத்தன் இருக்கான், அவனுக்கு எல்லாமே அலுமினியத்துல இருக்கணும். ஹார்ன் அலுமினியம், பெல்க்ராங்க் சேவர் இல்லாத ஒத்தைக் கட்டி அலுமினியம், டை ராட் ஸ்டீல். பார்க்க நல்லாத்தான் இருக்கு, ஓட்டுறப்ப ஸ்டீயரிங் கத்தி மாதிரி திரும்புது, நான் இல்லைங்கல. ஆனா அடி விழுந்தா அது எங்கயாவது போய்த்தானே ஆகணும்? வளையுற பாகம் ஒண்ணு கூட இல்லைன்னா கடைசியில இருக்குற சர்வோ பல்லு தலையிலதான் இறங்கும். போன மாசம் அவன் வாங்கினது வெறும் சர்வோவா மட்டும்தான் இருக்கும்னு நினைக்கிறேன், சொன்னா கோவிச்சுக்குவான்.

இப்ப மேட்டருக்கு வர்றேன், அந்த நட்டு. சேவர் எப்படி வேலை செய்யுதுன்னு உங்களுக்குத் தெரியும், ரெண்டு கை, நடுவுல வி மாதிரி பல்லும் பள்ளமும், ஸ்பிரிங் அமுக்கிப் பிடிச்சிருக்கும், அடி பட்டா பல்லு சரிவுல ஏறி விலகி, திரும்ப உட்காரும். ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்கணும்கறதை முடிவு பண்றது அந்த வளைய நட்டுதான். புது வண்டியில கம்பெனிக்காரன் வெச்ச அளவு அவன் கொடுத்த சர்வோவுக்கு. நாம பெரிய சர்வோவை மாட்டிட்டு நட்டைத் தொடாம விட்டா ஹார்ன் மட்டும் திரும்பும், வீல் பாதிதான் திரும்பும், உடனே எல்லாரும் சர்வோ டூப்ளிகேட்டுன்னு திட்டுவாங்க. அந்தக் கடுப்புல நட்டை அடி வரைக்கும் முறுக்கிட்டா சேவர் இருந்தும் இல்லாத கதைதான்.

நான் செட் பண்ற விதம் இது. முன்பக்கத்தைத் தூக்கி வெச்சு, ரேடியோவும் (கையில இருக்குற ரிமோட்) வண்டியும் ஆன்ல வெச்சு, ஒரு வீலை கையால பிடிச்சு மெதுவா திருப்பணும், கண்ணு ஹார்ன் மேலயே இருக்கணும். ஹார்ன் அசையறதுக்கு முன்னாடி சேவர் வாய் திறக்கணும். ஹார்ன் முதல்ல அசைஞ்சா, இல்ல சர்வோ முக்கினா, நட்டு டைட். அப்புறம் கீழ இறக்கி, நின்ன இடத்துலயே ஃபுல் லாக் போட்டுப் பாருங்க. சிமெண்ட் தரையில கடைசி கொஞ்சம் திரும்பாம நின்னா பரவாயில்ல, ஓடுறப்ப வந்துரும். மண்ணுலயும் திரும்பலைன்னா லூஸ். கால் சுத்து, கால் சுத்தாத்தான் போகணும், அரைச் சுத்துல ஆளே மாறிடும். அப்புறம் முக்கியமா, வீலைத் தள்ளிட்டு கையை எடுத்தா அதே நேருக்கு வருதான்னு ரெண்டு பக்கமும் பாருங்க. இடப்பக்கம் தள்ளினா ஒரு நேரு, வலப்பக்கம் தள்ளினா வேற நேருன்னா ஸ்பிரிங்கைக் குறை சொல்லாதீங்க, வி பள்ளத்துல அழுக்கு இருக்கு, இல்ல புஷ் பிடிக்குது. ரேடியோவுல நேரைத் தள்ளி வைக்கிற டிரிம் போட்டு இதைச் சரி பண்ண முடியவே முடியாது.

அழுக்குன்னதும் எங்க ஊரைச் சொல்லியே ஆகணும். கேரளான்னா செம்மண்ணுன்னு எல்லாரும் நினைப்பாங்க, எங்க சித்தூர் தாலுகாவுல கொழிஞ்சாம்பாறை பக்கம் கரிசல் மண்ணு. ஈரம் இருந்தா வீல்ல அப்பிக்கும், காஞ்சா மாவு. அதுல பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வேற. பெல்க்ராங்க் போஸ்ட்ல க்ரீஸ் வெச்சா மாவும் க்ரீஸும் சேர்ந்து வால்வு அரைக்கிற பேஸ்ட் ஆயிடுது, வி பல்லோட ஓரம் மழுங்கிடும். இப்ப பழைய டூத் பிரஷ்ல துடைச்சுட்டு டிரை பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஸ்ப்ரே மட்டும்தான். நட்டு ஓட ஓட தானா லூஸ் ஆகுதுன்னு த்ரெட் லாக்கர் பசை ஊத்தாதீங்க, பிளாஸ்டிக் போஸ்ட்னா அது பிளாஸ்டிக்கையே தின்னு விரிசல் விட்டுரும். நட்டுலயும் போஸ்ட்லயும் சேர்த்து வெள்ளை மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வெச்சிருக்கேன், கோடு விலகியிருந்தா திரும்ப செட்டிங்.

சர்வோ மேல ஸ்ப்ரிங் ஹார்ன் ஒண்ணு, பெல்க்ராங்க்ல ஒண்ணுன்னு ரெண்டு சேவர் போடலாமான்னு ஒரு தம்பி கேட்டான். வேணாம் தம்பி, நேரா ஓட்டுறதே கஷ்டமாயிரும். பெல்க்ராங்க்ல இருந்தா சர்வோவுல சாதா ஹார்ன் போதும், அதுவும் நைலான்ல. பால் கப்பும் பிளாஸ்டிக்லயே விட்டுருங்க, அது ஃபியூஸ் மாதிரி, பத்து ரூபா சாமான் போய் ஆயிரம் ரூபா சாமானைக் காப்பாத்தும்.

ஹார்ன் வாங்குறதுலதான் ரத்தம் கொதிக்குது. சர்வோ தண்டுல ஹார்ன் ஏறுற பல்லுதான் ஸ்ப்லைன், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: ஃபுட்டாபா 25 பல்லு, ஹைடெக் 24, சான்வா, கேஓ, ஜேஆர் எல்லாம் 23. ஆன்லைன்ல ஒருத்தன் 25ன்னு போட்டு 24 அனுப்பினான், கேட்டா அழுத்தினா ஏறும் சார்ங்கறான். அழுத்தினா ஏறும்தான், ஏறினப்புறம் ஸ்ப்லைன் என்னாகும்? கோயம்புத்தூர் கடைக்கு நேர்லயே போய், சர்வோவை ஜோப்புல எடுத்துட்டுப் போய் மாட்டிப் பார்த்து வாங்கினேன். வேலந்தாவளம் பார்டர் தாண்டினா அரை நாள் போச்சு, ஆனா நிம்மதி.

அடுத்து 3எஸ், அதாவது மூணு செல் பேட்டரி ஆசை இருக்கு. வோல்டேஜ் ஒன்றரை மடங்குன்னா வேகமும் கிட்டத்தட்ட அதே ஒன்றரை மடங்கு, ஆனா மோதுற எனர்ஜி வேகத்தோட வர்க்கத்துல ஏறும், இரண்டே கால் மடங்கு. அதுக்கு சேவரை மட்டும் நம்ப முடியாது, பம்பர் அகலமா, முன் வீல்ல பாதியையாவது மறைக்கிற மாதிரி வேணும். பிஎல்ஏ பிளாஸ்டிக்ல 3டி பிரிண்ட் பண்ணது சில்லு சில்லா போச்சு. பாத்திரக் கடையில வெள்ளை கட்டிங் போர்டு, ஹெச்டிபிஇ பிளாஸ்டிக், 8 மி.மீ. தடிமன்ல ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன், வீட்டுல சமையலுக்குன்னு நினைச்சு எடுத்து வெங்காயம் வேற நறுக்கிட்டாங்க. ஜிக்சாவுல வெட்ட ஆரம்பிச்சா சூட்டுல உருகி ப்ளேடுல ஒட்டுது, பெரிய பல்லு ப்ளேடு போட்டு ஸ்பீடைக் குறைச்சா வெட்டுது. பாதி வளைவு வெட்டியாச்சு, ஓட்டை எங்க போடுறதுன்னு இன்னும் முடிவு பண்ணல. சேஸிஸ்ல இருக்குற பழைய பம்பர் ஓட்டையவே எடுத்துக்கறதா, இல்ல வண்டி அடியைக் காக்குற ஸ்கிட் பிளேட்டோட சேர்த்து கீழ இருந்து பிடிக்கிறதா? இப்படிப் போட்டு ஓட்டினவங்க இருந்தா சொல்லுங்க.