இரண்டரைக் கட்டையில் ஒரு ஃபங்க் ஆல்பம்

கும்பகோணம் பக்கம் ஒரு மாடி அறை. எட்டுப் பாட்டு, 34 நிமிடம். ஃபங்க் பேஸ், தமிழ் ராப், சின்த், ஓவர்டிரைவ் கிட்டார், ஊடே நாயனமும் தவிலும். முடிக்கப் பதினோரு மாதம் ஆனது. அதில் நான்கு மாதம் வீண். பீட் எல்லாம் போட்டு முடித்துவிட்டுக் கடைசியில் நாயனத்தைக் கூப்பிட்டதுதான் தப்பு. சின்த்தின் சுருதியை மவுஸால் மாற்றலாம், மரத்தை மாற்ற முடியாது.

நாதஸ்வரத்தின் சுருதி ஆச்சா மரத்தில் துளை விழுந்த அன்றே முடிவானது. வாயில் வைத்து ஊதும் சீவாளியை மாற்றியும் மூச்சைக் கூட்டிக் குறைத்தும் கொஞ்சம் நகர்த்தலாம், அரைக்கட்டை நகர்த்த முடியாது. எங்களுக்குக் கிடைத்த பாரி நாயனம் இரண்டரைக் கட்டை, அதாவது டி ஷார்ப். கிட்டார்காரர்களுக்குப் பிடிக்காத சுருதி என்று முதலில் பயந்தோம். உண்மையில் அது வரம். கிட்டாரின் ஆறு கம்பியையும் அரை ஸ்டெப் இறக்கிவிட்டால் தடித்த கீழ்க்கம்பியை விரல் அழுத்தாமல் அடித்தாலே ஆதார ஷட்ஜம், அதாவது ‘ச’, வந்துவிடும். ராக் குழுக்கள் குரலுக்காகக் காலங்காலமாகச் செய்துவரும் டியூனிங்தான் இது. பேஸ் கிட்டாரையும் அப்படியே இறக்கினால் அதன் கீழ்க்கம்பி 41.2 ஹெர்ட்ஸிலிருந்து 38.9-க்கு வந்து அதே ஷட்ஜத்தில் உட்காரும். இரண்டு கட்டை நாயனம் என்றால் கீழ்க்கம்பியை மட்டும் ஒரு முழு ஸ்டெப் இறக்கி, மற்ற ஐந்தையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

அடுத்த சிக்கல் சென்ட் கணக்கு; அரை ஸ்டெப்பில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். எங்கள் நாயனம் டி ஷார்ப்புக்கு 20 சென்ட் மேலே நின்றது. அதைச் சாஃப்ட்வேரில் கீழே இழுத்தால் கமகமெல்லாம் ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஆகவே மற்ற எல்லாவற்றையும் மேலே ஏற்றினோம்: டியூனரில் ஏ-வை 440-க்குப் பதில் 445 ஹெர்ட்ஸ் என்று வைத்துக் கிட்டாரும் பேஸும், ஒவ்வொரு சின்த்திலும் ஃபைன் டியூன் கூட்டல் 20. இதில் ஒன்றை மறந்தாலும் பாட்டு முழுக்கப் புளிக்கும், எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போகும். பெரும்பாலும் குற்றவாளி, ரெடிமேடாக வாங்கிப் போட்ட ஏதாவது ஒரு லூப். அளவெடுக்கும் நேரமும் முக்கியம். சீவாளி ஊறி, குழல் சூடாகக் கால் மணி நேரமாவது ஆகும்; அதுவரை சுருதி ஏறிக்கொண்டே இருக்கும். முதல் நிமிடத்தில் எடுத்த அளவை நம்பினால் மறுபடி எல்லாவற்றையும் டியூன் செய்யத்தான் போகிறீர்கள்.

ராகத் தேர்விலும் முன்யோசனை வேண்டும். ஃபங்க் என்றாலே கார்டு, அதாவது சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக அடிப்பது. கரகரப்பிரியா அதற்குத் தோதானது. அரை ஸ்டெப் இறக்கிய கிட்டாரில் கை ஈ மைனர் 7, ஏ 9 என்று பிடித்து மாறி மாறிச் சுரண்டினால் ஒரு ஸ்வரம்கூட ராகத்துக்கு வெளியே போகாது. நாயனம் மேலே தாராளமாக உலவலாம். தோடியில் அதே வேலையைச் செய்யாதீர்கள். அதன் காந்தாரம் ஆடிக்கொண்டே இருக்கிற ஸ்வரம், கார்டில் ஆணி அடித்த காந்தாரத்தோடு மோதும். தோடிக்கு ச-ப மட்டும் உள்ள பவர் கார்டு, கூடக் கொஞ்சம் டிஸ்டார்ஷன். அவ்வளவுதான். ராக் கிட்டாரும் தோடியும் இவ்வளவு நன்றாக ஒட்டும் என்று நாங்களே எதிர்பார்க்கவில்லை.

டெம்போவுக்கு வருவோம். ராப் பாட்டு நிமிடத்துக்கு 90 தட்டை ஒட்டி நடக்கும், எலக்ட்ரானிகா 120-க்கு மேல் ஓடும். ஆல்பம் தொகுப்புக் கேசட் மாதிரி துண்டு துண்டாகக் கேட்பதற்கு இந்த இடைவெளிதான் காரணம். நாங்கள் 93, 124 என்ற இரண்டு எண்களைப் பிடித்துக்கொண்டோம். 93-இல் சதுஸ்ர நடை (தட்டுக்கு நான்கு மாத்திரை) ஓடும்போது அதன் மாத்திரைகளை நான்கு நான்காக எண்ணாமல் மூன்று மூன்றாகத் தட்டிப் பாருங்கள், தட்டு சரியாக 124-இல் விழும். நிமிடத்துக்கு 372 மாத்திரை. மூன்றால் வகுத்தால் 124. ஆக, ராப் பாட்டின் கடைசி மூன்று ஆவர்த்தனங்களில் (தாளச் சுற்றுகளில்) ஹை-ஹாட்டை மட்டும் மூன்று மூன்றாக மாற்றி, அதன்மேல் கிக்கைக் கொண்டுவந்தால் வெட்டே தெரியாமல் அடுத்த பாட்டுக்குள் போய்விடலாம். மென்பொருளில் இதை விளக்க அரை மணி நேரம் பிடித்தது. தவில்காரருக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

அவருக்கு விளங்காதது கிளிக். ஹெட்போனில் டிக் டிக் என்று போட்டால் கை இறுகிவிடுகிறது. ஆதி தாளத்தின் எட்டு அட்சரம், ஹிப்-ஹாப்பில் நான்கு தட்டு கொண்ட இரண்டு பார். எனவே ஜால்ரா ஒலியைச் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், கொஞ்சம் உரக்க வைத்து இரண்டு பார் லூப் செய்து கொடுத்தோம். கூடவே பேஸ் லைனும். அப்புறம் வாசித்ததை மென்பொருளின் சம இடைவெளிக் கட்டமான கிரிட்டில் இழுத்து ஒட்டவில்லை. தவில் கிரிட்டுக்கு முன்பின்னாக எங்கெங்கே விழுகிறதோ அந்த இடங்களை க்ரூவ் டெம்ப்ளேட்டாக எடுத்து ஹை-ஹாட்டையும் ஷேக்கரையும் அதற்கேற்ப நகர்த்தினோம். 54, 56 சதவீதம் என்று ஸ்விங் குமிழைத் திருகிக்கொண்டிருப்பதைவிட இது நூறு மடங்கு மேல். கிக்கையும் ஸ்னேரையும் மட்டும் கிரிட்டிலேயே விடுங்கள், ஃபங்க்கில் முதல் தட்டு ஆடக்கூடாது.

தவிலுக்கு இரண்டு மைக். வலந்தலைக்குக் கூடு போட்ட விரல்கள் படும் இடத்தைப் பார்த்து ஒரு டைனமிக் மைக், முக்கால் அடி தள்ளி. கம்பால் அடிக்கும் பக்கமான தொப்பிக்கு இன்னொன்று, கம்பு வந்து தட்டாத கோணத்தில் ஒரு அடி தள்ளி. இரண்டையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டே ஒன்றில் அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பட்டனை அமுக்கிப் பாருங்கள், எந்த நிலையில் அடிக்கனம் கூடுகிறதோ அதுதான் சரி. இதைச் செய்யாமல் ஈக்யூவில் பேஸைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் நிறைய. நாயனத்துக்கு, கீழே விரிந்திருக்கும் அணசின் வாயில் மைக் வைக்காதீர்கள். ஒலி துளைகள் வழியாகவும் வருகிறது. ஒரு மீட்டர் தள்ளி, குழலின் நடு உயரத்துக்கு, சற்றே பக்கவாட்டில். கண்டென்சர் மைக்கானால் ஒலியளவைத் தணிக்கும் பேட் சுவிட்சைப் போட்டுவிடுங்கள். உச்சம் மைனஸ் 10 டெசிபெலைத் தாண்டாமல், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். பதிவின்போது பஃபர் (கணினி ஒலியைத் தேக்கிவைக்கும் அளவு) 128 சாம்பிள், அது 2.7 மில்லிசெகண்ட் தாமதம், போக வரக் கணக்குப் போட்டாலும் வாசிப்பவர் காதுக்கு உறுத்தாது. மிக்ஸிங் வந்ததும் 1024-க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

அறை 12-க்கு 10 அடி, கான்கிரீட் கூரை. கை தட்டினால் டர்ர்ர் என்று சுவருக்குச் சுவர் ஓடும். கோரைப்பாயைச் சுவரில் அடித்தால் அந்த மேல்சத்தம் அடங்கும், பேஸ் அடங்காது. பேஸுக்குக் கனம் வேண்டும்: நான்கு அங்குல ராக்வூல் பலகைகளைத் துணியில் பொதிந்து மூலைக்கு மூலை நிறுத்தினோம். இலவம்பஞ்சு மெத்தை இரண்டை ராப் பாடுபவரின் முதுகுப்பக்கம் நிற்க வைத்தோம், குரல் மைக்குக்கு அது போதும்.

எப்போது பதிவு செய்வது என்பதுதான் டெல்டாவில் பெரிய கேள்வி. முகூர்த்த நாளில் நாயனம் கிடைக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை; ஆனால் ஆடியில் அம்மன் கோயில் வேலை இருக்கும், மார்கழி விடியலில் ஊரே ஒலிபெருக்கி. மார்கழி மதியம்தான் எங்களுக்குக் கைகொடுத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முயலவே வேண்டாம். தவில் தோல் தளர்கிறது, கிட்டார் கழுத்து வளைந்து கம்பி உயர்கிறது, ராத்திரி ஆனால் வயல் தவளைகள் எல்லா டிராக்கிலும் கோரஸ் பாடுகின்றன. ஒரு பாட்டின் தொடக்கத்தில் அவற்றை அப்படியே விட்டுவிட்டோம்.

கிட்டாரின் உர்ர் சத்தம் தனிக் கதை. சிங்கிள் காயில் பிக்கப் கரென்ட்டின் 50 ஹெர்ட்ஸை அப்படியே பிடிக்கும். 50 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய ஜி ஸ்வரம். டி ஷார்ப் ஷட்ஜத்துக்கு அது அந்தர காந்தாரம். அதற்கு அரை ஸ்டெப் கீழே நிற்கும் சாதாரண காந்தாரத்தைக் கொண்ட கரகரப்பிரியாவுக்கு அடியில் நாள் முழுக்க ஒருவர் அந்தர காந்தாரத்தை முனகிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்! கம்பியில் கை வைத்ததும் சத்தம் குறைகிறதா? எர்த்தையும் கிட்டாரின் உள் ஒயரிங்கையும் பார்க்க வேண்டும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்து வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், அது உயிர் விஷயம். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரை அணையுங்கள். இன்வெர்ட்டர் சைன்வேவ் வகையாக இல்லாவிட்டால் கரென்ட் போன நேரத்தில் கிட்டார் பதிவு வேண்டாம். லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டி, குரலை மட்டும் எடுங்கள்.

ராப் எழுதுவதில் ஒரு விஷயம். 93-இல் பதினாறாம் பங்கில் எழுத்து வைத்தால் வினாடிக்கு ஆறுக்கு மேல் அசை போகும். குறில் அதில் ஓடும், நெடிலுக்கு இரண்டு மாத்திரை வேண்டும். ‘காவேரி’ என்ற சொல்லைக் குறில்போல மூன்று துண்டாக நறுக்கினால் ‘கவெரி’ என்று கேட்கும். கா-வுக்கும் வே-க்கும் இரட்டை இடம் விட்டு, ரி-யை ஒற்றையாகத் தட்டினால்தான் சொல் சொல்லாக நிற்கும். அடி முடிவில் ‘போறேன், வாறேன், பார்க்கிறேன்’ என்று வினைமுற்றை வைத்து இயைபு கட்டுவது மலிவு, மூன்றாவது வரியிலேயே சலிக்கும். அடியின் தலையில் எதுகையைப் போட்டு, அது ஸ்னேரில் விழும்படி வரியை நகர்த்திப் பாருங்கள், நம் மொழிக்கே உரிய துள்ளல் அது. மைக்கிலிருந்து ஆறு அங்குலம், பாப் ஃபில்டர். அழுத்திச் சொல்லும் ‘ப்ப’ மைக்கைக் குத்தும். நேராகப் பாடாமல் மைக்குக்குச் சற்று ஓரமாகப் பாடச் சொன்னால் தீரும்.

மிக்ஸிங்கில் எங்கள் சண்டை முழுக்க அடித்தளத்தில்தான். கிக், 808 பேஸ், பேஸ் கிட்டார், தொப்பி நான்கும் ஒரே நிலத்துக்கு அடித்துக்கொள்கின்றன. தீர்வு, பகுதிக்கு ஒரு சொந்தக்காரர். ராப் சரணத்தில் 808, பல்லவியில் பேஸ் கிட்டார். இரண்டும் சேர்ந்து ஒருபோதும் இல்லை. கிக் விழும்போது பேஸை சைட்செயினில் 3 டெசிபெல் இறக்கி 100 மில்லிசெகண்டில் விடுவது போதும். ரோலண்ட் 1980-இல் கொண்டுவந்த 808 இயந்திரத்தின் கிக்கை நீட்டித்தான் இன்றைய 808 பேஸ் செய்கிறார்கள். அதை நம் ஷட்ஜத்துக்கு டியூன் செய்தால் 39 ஹெர்ட்ஸ். ஐந்து அங்குல மானிட்டரில் அது கேட்காது, ஃபோனில் சுத்தமாகக் கேட்காது. கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான டிஸ்டார்ஷன்) போட்டால் 78, 117 ஹெர்ட்ஸில் அதன் ஹார்மோனிக் எழும்பும், காது மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். டவுன் பஸ் ஸ்பீக்கரில் பேஸ் லைன் புரிகிறதா என்பதே எங்கள் சோதனை.

டிஸ்டார்ஷன் கிட்டாரும் நாயனமும் முட்டிக்கொள்ளும் இடம் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ். கிட்டாரை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து இடம் வலம் கோடியில் வையுங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். நாயனம் ஊதும்போது மட்டும் 2.5 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபெல் இறங்கும்படி டைனமிக் ஈக்யூ. ஆம்ப்பில் கெய்ன் மேடையில் வைப்பதில் பாதி போதும், இரண்டு டிராக் சேரும்போது தானே கனக்கும்.

பழைய இசைத்தட்டிலிருந்து சாம்பிள் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒலிப்பதிவுக்கு ஒரு உரிமை, பாட்டுக்கும் மெட்டுக்கும் வேறு உரிமை. இரண்டுக்கும் அனுமதி வேண்டும். இந்தியாவில் ஒலிப்பதிவு உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-இல் மறைந்தவர். அவர் காலத்தில் வந்த தட்டுகளுக்கு இங்கே அந்த உரிமை முடிந்துவிட்டது. ஆனால் ஸ்ட்ரீமிங் என்றால் உலகம் முழுக்க. அமெரிக்காவில் 2018-இல் வந்த சட்டப்படி 1947 முதல் 1956 வரை வெளியான பதிவுகளுக்கு 110 ஆண்டு பாதுகாப்பு. நாங்கள் சாம்பிளைக் கைவிட்டு, புதிதாக வாசிக்க வைத்து, அதைப் பழைய தட்டுபோல மேலும் கீழும் வெட்டி வைத்தோம். வாசிப்பவருக்கு அச்சாரம் கொடுக்கும்போதே, எந்தப் பாட்டு, எவ்வளவு தொகை, ராயல்டியில் எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, வாசிப்பு வணிகத்துக்குப் பயன்பட்டால் கலைஞருக்கு ராயல்டி உரிமை உண்டு.

மாஸ்டரிங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்பாட்டிஃபை அதன் வழக்கமான அமைப்பில் உரப்பை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (உரப்பின் அளவுகோல்) அருகே கொண்டுவந்துதான் ஒலிக்கவிடும்; மைனஸ் 7-க்கு நசுக்கி அனுப்பினால் ஸ்னேரின் அடிதான் போகும், சத்தம் கூடாது. அலையின் உச்சம், அதாவது ட்ரூ பீக், மைனஸ் 1 டெசிபெல். எட்டுப் பாட்டையும் ஒரே அளவுக்கு இழுக்காமல், குரல் எல்லாப் பாட்டிலும் ஒரே உரப்பில் கேட்கும்படி வைத்தால் ஆல்பமாக நிற்கும்.

வெளியீட்டுக்கு நான்கு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல். ஒவ்வொரு பாட்டுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற அடையாள எண், ஆல்பத்துக்கு யுபிசி எண். இவற்றை, ஸ்ட்ரீமிங் தளங்களுக்குப் பாட்டை அனுப்பும் விநியோகஸ்தரே போட்டுக்கொடுப்பார். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட்டுக்கு விண்ணப்பிக்க வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்னால் பாட்டு அங்கே இருக்க வேண்டும். மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று போட மறக்காதீர்கள், தானாக விழும் மொழி வேறாக இருக்கும். 93-லிருந்து 124-க்குத் தாவும் இரண்டு பாட்டையும் ஒரே நீள ஃபைலாக மாஸ்டர் செய்து, புது டெம்போவின் முதல் தட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால், அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் வெட்டி, டபிள்யூஏவி ஆகவே கொடுங்கள். எம்பி3-ஆகக் கொடுத்தால் நுனியில் சில பத்து மில்லிசெகண்ட் மௌனம் ஒட்டிக்கொள்ளும், சமம் தப்பும். எங்கள் முதல் ஏற்றத்தில் அதுதான் நடந்தது. தவில்காரர் ஃபோனில் கேட்டுவிட்டு அரை அட்சரம் எங்கே போச்சு என்று கேட்டார்.