நந்தியின் கொம்புகளுக்கு நடுவே வெயில்: பெங்களூரு கவிபுரம்

ஜாதகத்தில் சூரியன் சரியில்லை என்று ஜோசியர் சொல்லிவிட்டால், பெங்களூரு தமிழர் வீடுகளில் அடுத்த பேச்சு கும்பகோணத்துக்கு எப்போது டிக்கெட் போடுவது என்பதுதான். ஆடுதுறைக்குப் பக்கத்துச் சூரியனார்கோவிலுக்கு ஒரு நடை போய்வருவது நம் வழக்கம். அதில் தப்பில்லை. டொம்லூரிலேயே சூரியநாராயணருக்குத் தனிக்கோவில் இருப்பதால், ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்வருகிறவர்களும் உண்டு. ஆனால் ஜோதிடம் சூரியனுக்குச் சொல்லும் பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், போக வேண்டிய இடம் பசவனகுடிப் பக்கம் கவிபுரத்தில் இருக்கும் கங்காதரேஸ்வரர் கோவில். அது சிவன் கோவில். சூரியன் அங்கே மூலவர் இல்லை, கும்பிட வருகிறவர்.

'கவி' என்றால் இங்கே புலவர் அல்ல. கன்னடத்தில் குகை. நாம் கெபி என்கிறோமே, அதற்கு உறவான சொல். பாறையைக் குடைந்த கோவில் இது. கௌதம முனிவர் பூஜித்த தலம் என்பது ஐதீகம், 16ஆம் நூற்றாண்டில் திருப்பணி செய்தவர் பெங்களூரை நிறுவிய கெம்பே கவுடர். மேப்பில் தேடும்போது ஒரு குழப்பம் வரும். நெலமங்களாவுக்கு அப்பால் சிவகங்கை மலையிலும் இதே பெயரில் ஒரு கங்காதரேஸ்வரர் இருக்கிறார். லிங்கத்தில் தேய்த்த நெய் வெண்ணெயாக மாறும் என்று பேசப்படுவது அந்தக் கோவில். நகரத்திலிருந்து 50 கி.மீ.க்கு மேல். 'கவிபுரம்' அல்லது 'கவிபுர குட்டஹள்ளி' என்று சேர்த்துத் தேடினால் சிக்கல் இல்லை. அல்சூரிலிருந்து வருகிறவர்கள் பர்ப்பிள் லைனில் மெஜஸ்டிக் வந்து, கிரீன் லைனுக்கு மாறி, மூன்றாவது ஸ்டேஷனான நேஷனல் காலேஜில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்.

முற்றத்தில் முதலில் கண்ணில் படுவது கல்தூண்களின் மேல் நிற்கும் இரண்டு பெரிய வட்டக் கற்கள். சூரியபானம், சந்திரபானம் என்று பெயர். பக்கத்திலேயே கல்லால் ஆன திரிசூலமும் உடுக்கையும். பலர் இங்கே போட்டோ எடுத்துவிட்டு நேராக லிங்கத்துக்குப் போய்விடுகிறார்கள். உள்ளே இருக்கும் அக்னி பகவான் சிலையை விட்டுவிடக் கூடாது. இரண்டு தலை, ஏழு கை, மூன்று கால். அக்னிக்குத் தனிச்சிலை அபூர்வம். இந்த எண்ணிக்கையோ ரிக்வேதத்தின் 'த்ரயோ அஸ்ய பாதா, த்வே சீர்ஷே, ஸப்த ஹஸ்தாஸோ' என்ற வரிக்கு அப்படியே பொருந்துகிறது.

நவக்கிரக ஹோமத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு கிரகத்துக்கும் மேலான தெய்வமாக ஓர் அதிதேவதையும், துணைத் தெய்வமாக ஒரு பிரத்யதிதேவதையும் சொல்லி ஆவாகனம் செய்வார்கள். சூரியனுக்கு அதிதேவதை அக்னி, பிரத்யதிதேவதை ருத்ரன். ஹோம குண்டத்தின் முன் மந்திரமாகக் கேட்கிற அந்த மூன்று பேரும் இந்தக் குகையில் சேர்ந்திருக்கிறார்கள்: சிலையாக அக்னி, லிங்கமாக ருத்ரன், வெயிலாகச் சூரியன். இப்படித் திட்டமிட்டுத்தான் வைத்தார்களா என்பது வேறு விஷயம். சூரிய பரிகாரம் என்று வருகிறவர் மூவரையும் கும்பிடாமல் திரும்பினால் பாதிதான் முடிந்தது.

மகர சங்கராந்தி மாலையில் நடப்பது இதுதான். ஏறக்குறைய 5.15 முதல் 5.30க்குள் மேற்கே சாய்ந்த சூரியனின் ஒளி சாளரத்தின் வழியே நுழைந்து, நந்தியின் முதுகைத் தொட்டு, இரண்டு கொம்புகளுக்கும் நடுவே புகுந்து லிங்கத்தின் மேல் விழுகிறது. அந்த நாளில் பெங்களூரில் அஸ்தமனம் 6.10ஐ ஒட்டி. ஆக, சூரியன் அடிவானத்துக்குச் சற்று மேலே நிற்கும் நேரம். அதைவிட உயரமாக இருந்தால் ஒளி தரையில் விழுந்துவிடும், குகைக்குள் அவ்வளவு தூரம் எட்டாது.

நேரத்தைக் கவனியுங்கள். மாலை 4.30 முதல் 6 மணி வரை நமக்குப் பிரதோஷ வேளை. பிரதோஷத்தன்று நாம் என்ன செய்கிறோம்? நந்திக்குப் பின்னால் நின்று, அவர் கொம்புகளுக்கு நடுவே சிவனைப் பார்க்கிறோம். கவிபுரத்தில் சூரியன் செய்வதும் அதையேதான். ஜோதிடம் சூரியனை ஆத்மகாரகன், அதாவது ஆன்மாவைக் குறிப்பவர் என்கிறது. தந்தை, அரசு, அதிகாரம், தன்மானம், உடம்பில் எலும்பும் வலக்கண்ணும் எல்லாம் அவர் பொறுப்பு. ராஜ கிரகம், நவக்கிரக மேடையில் நடுநாயகம். அவ்வளவு பெரியவர் இங்கே வரிசையில் நின்று, நந்தியிடம் அனுமதி வாங்கி, சில நிமிடம் லிங்கத்தைத் தொட்டுவிட்டுப் போகிறார். 'நான்' என்பதற்கு அதிபதியான கிரகம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் ஜோதிட நூல்களில் கிடைப்பது கஷ்டம்.

சங்கராந்தியன்றே போக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். அன்றைக்கு நெருக்கடி அதிகம். அந்த நிமிடங்களில் உள்ளே பால் அபிஷேகம் நடக்கும், கூட்டத்தை வெளியே நிறுத்திவிடுவார்கள், பெரும்பாலோர் பார்ப்பது திரையில்தான். மேகம் மூடிவிட்டால் அதுவும் இல்லை. ஜனவரி 13 முதல் 16 வரை நான்கு நாளும் ஒளி லிங்கத்தைத் தொடுகிறது. அதோடு நவம்பர் 26 முதல் டிசம்பர் 2 வரை இன்னொரு முறையும் தொடுகிறது. இந்த இரண்டாவது வாய்ப்பு பலருக்குத் தெரியாது.

ஏன் இரண்டு முறை? சூரியன் தெற்கே கடைசி எல்லையைத் தொடுவது டிசம்பர் 21, 22 வாக்கில். அங்கே போகும் வழியில் நவம்பர் கடைசியில் எந்தச் சாய்வில் இருந்தாரோ, திரும்பி வரும் வழியில் ஜனவரி நடுவில் அதே சாய்வுக்கு வருகிறார். ஒரே சாய்வு, ஒரே சாளரம், ஒரே லிங்கம். நவம்பரில் அஸ்தமனம் 5.50ஐ ஒட்டி என்பதால், ஒளியும் ஜனவரியைவிட 20 நிமிடம்போல முந்திவிடும். 5 மணிக்கு முன்பே போய் நிற்பது நல்லது. மாலை நடை எப்போது திறக்கும் என்பதை முதல்நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் வரைந்த படங்களில் இந்தக் கோவிலில் இவ்வளவு கட்டடம் இல்லை. அவற்றை இன்றைய அமைப்போடு ஒப்பிட்ட ஆய்வின்படி, முன்பு ஒளி விழுந்தது சூரியன் திசை திரும்பும் அயன நாட்களில். பின்னால் எழும்பிய சுவர்கள்தான் நாளை மாற்றியிருக்கின்றன.

அப்படியானால் உத்தராயணம் டிசம்பர் 22லா, தை முதல் நாளிலா? கோவிலுக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வானத்தில் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பரில். நட்சத்திரங்களை வைத்து எண்ணும் நம் மகர ராசிக்குள் அவர் நுழைவது தை முதல் நாள். இடைவெளி சுமார் 24 பாகை, அதாவது அயனாம்சம். ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் விலகிச் சேர்ந்த வித்தியாசம். மேல்நாட்டு ராசி நம் ராசியோடு ஒத்துப்போகாததற்கும் காரணம் இதுவே. மகரம் சனியின் வீடு என்பதையும் நினைவில் வையுங்கள். ஜோதிடத்தில் தந்தை சூரியனும் மகன் சனியும் பகை. ஆனாலும் வருஷம் தவறாமல் தந்தை மகன் வீட்டுக்குப் போகிறார். நாம் பொங்கல் வைப்பது அன்றைக்கு.

இங்கே வந்து சூரியனைப் பற்றி யோசிக்கிறவர் முதலில் தன் ஜாதகத்தில் அவர் எங்கே என்று தானே பார்த்துக்கொள்ளலாம். தமிழ் மாதம் சூரியனை வைத்தே ஓடுவதால் வேலை சுலபம். சித்திரையில் பிறந்தால் மேஷம், ஆவணி என்றால் சிம்மம், ஐப்பசி என்றால் துலாம். தேதிதான் ஏறத்தாழப் பாகை. சூரியனுக்கு உச்சம், அதாவது பலம் மிகுந்த இடம், மேஷம் 10 பாகை, சித்திரை 10 வாக்கில். நீசம், அதாவது பலம் குறைந்த இடம், துலாம் 10 பாகை, ஐப்பசி 10 வாக்கில். பெங்களூரில் இதில் ஒரு பிசகு நடக்கும். சுவரில் தொங்கும் கன்னடப் பஞ்சாங்கம் சந்திரமானம், சந்திரனை வைத்து மாதம் எண்ணுவது. அதன் கார்த்திகம் தீபாவளி அமாவாசைக்கு மறுநாளே தொடங்கிவிடும். நம் கார்த்திகை பிறப்பது நவம்பர் 16, 17இல். கன்னட மாதப் பெயரை வைத்து ராசி சொன்னால் தப்பாகிவிடும்.

பிறந்த நேரமும் ஒரு சோதனை. சூர்யோதயத்தில் பிறந்தவருக்குச் சூரியன் லக்னத்தில், அதாவது முதல் வீட்டில் இருக்க வேண்டும், உச்சிவேளை என்றால் 10ஆம் வீட்டை ஒட்டி, அஸ்தமனம் என்றால் 7இல். பகல் 12 மணிக்குப் பிறந்த பிள்ளையின் கட்டத்தில் சூரியன் 4இல் இருந்தால் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்து மறுபடி கணிக்கச் சொல்லுங்கள். பகலை இரவு என்று போட்டிருக்கிறார்கள்.

நீசம் என்றதும் பயப்படுகிறவர்கள் அதிகம். ஐப்பசியில் பிறந்த எல்லோருக்கும் சூரியன் துலாத்தில்தான். பன்னிரண்டில் ஒருவருக்கு வாழ்க்கை கெட்டுப்போக வேண்டும் என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. சூரியனுக்குரிய மாணிக்கக் கல் விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். மகர லக்னத்துக்குச் சூரியன் 8ஆம் வீட்டுக்கு உடையவர், துலா லக்னத்துக்குப் பாதகாதிபதி, அதாவது இடையூறு தரும் வீட்டுக்கு உடையவர். ராசியை மட்டும் கேட்டுவிட்டு 'மாணிக்கம் போடுங்கள்' என்கிறவர் சொல்வது ஜோசியம் இல்லை, வியாபாரம்.

கோவிலுக்குக் கொண்டுபோக நிறையத் தேவையில்லை. சிவனுக்கு வில்வம், சூரியனை நினைத்துச் செந்தாமரை ஒன்று. சூரியனுக்குரிய தானியம் கோதுமை. அதைச் சந்நிதியில் கொட்டினால் எறும்புதான் வரும். ஒரு கிலோ வாங்கி, சமைத்துச் சாப்பிடுகிறவர் கையில் ஞாயிறன்று கொடுப்பதே தானம். நைவேத்தியத்துக்கு வீட்டில் சர்க்கரைப் பொங்கல். தினமும் செய்ய விரும்புகிறவர்கள் காலையில் கிழக்கே பார்த்து இரண்டு கையாலும் தண்ணீர் அர்க்கியம் விடலாம். சூரியனை உற்றுப் பார்த்துக்கொண்டே நமஸ்காரம் செய்யும் பழக்கம் மட்டும் வேண்டாம், விழித்திரை பொசுங்கிவிடும். வலக்கண்ணின் காரகனுக்கு அது பிரியமாக இருக்காது.

தை வளர்பிறை சப்தமியான ரதசப்தமிக்கு ஏழு எருக்கிலை வைத்துக் குளிப்பது வழக்கம்: தலையில் ஒன்று, தோள்களில் இரண்டு, முழங்கால்களில் இரண்டு, பாதங்களில் இரண்டு. பெங்களூரில் முதல்நாளே மார்க்கெட்டில் கட்டாக வந்துவிடும். காலி மனையில் பறிக்கிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். காம்பில் வடியும் பால் கண்ணில் பட்டால் கருவிழியையே புண்ணாக்கும். பறித்ததும் காம்பைக் கீழே பார்த்துப் பிடித்து, பால் நின்றபின் இலையை நன்றாகக் கழுவி, பிறகுதான் தலையில் வைக்க வேண்டும். தண்ணீரை ஊற்றும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தலையில் வைக்காமல் தோளோடு விட்டுவிடலாம்.

கவிபுரத்தில் கடைசியாக ஒன்று. லிங்கத்தைச் சுற்றிவரும் பிரகாரம் பாறைக்குள் போகிறது, கூரை தாழ்வு, வெளிச்சமும் குறைவு. வெளி வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஒரு நிமிடம் எதுவும் தெரியாது. நந்தி பக்கத்தில் நின்று கண் பழகியபின் கிளம்புங்கள். பாதி தூரத்தில் இனி நிமிரலாம் என்று தோன்றும். அங்கேதான் பலர் இடித்துக்கொள்கிறார்கள்.