எந்த டெஸ்ட்டுக்கு அங்கீகாரம் என்று பாருங்கள்

லேப்களின் தரத்தைப் பார்த்து அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்தான் என்ஏபிஎல். லேப் வாசலில் ‘என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்றது’ என்று பெரிதாக எழுதியிருந்தால், அங்கே எடுக்கிற எல்லா டெஸ்ட்டுக்கும் அது பொருந்தும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சர்க்கரைக்கும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினுக்கும் வாங்கியிருப்பார்கள், தைராய்டுக்கு வாங்கியிருக்க மாட்டார்கள். எதெதற்கு இருக்கிறது என்ற பட்டியல் என்ஏபிஎல் இணையதளத்திலேயே கிடைக்கும், லேப் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

மருத்துவ லேப்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 15189-ஐ வைத்துத்தான் என்ஏபிஎல்காரர்கள் ஆய்வுக்கு வருகிறார்கள். நோயாளிகளின் ரத்தத்தை மெஷினில் ஏற்றுவதற்கு முன்னால், மதிப்பு தெரிந்த கன்ட்ரோல் சாம்பிளை ஓட்டினார்களா, அது வரம்பைத் தாண்டிய நாளில் என்ன செய்தார்கள், அதை யார் பார்த்துக் கையெழுத்திட்டார்கள் என்று பதிவேடுகளைத் தோண்டுவார்கள். வெளியிலிருந்தும் சாம்பிள் வரும். வேலூர் சிஎம்சி இப்படிப் பல ஊர் லேப்களுக்கு அனுப்பி, முடிவுகளை ஒப்பிட்டுச் சொல்கிறது. இவ்வளவும் இருந்தும் இந்தியாவில் இந்த அங்கீகாரம் பொதுவாக லேபின் விருப்பம்தான், கட்டாயமில்லை. அதை என்னால் ஏற்க முடியவில்லை, ரிப்போர்ட்டில் வரும் எண்ணை நம்பித்தானே டாக்டர் மருந்தின் அளவையே மாற்றுகிறார்?

அப்புறம், ரத்தம் எடுக்கும் விதம். சிரிஞ்சில் இழுத்த ரத்தத்தைக் குழாய்க்குள் வேகமாக அழுத்தினால் சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளேயிருக்கும் பொட்டாசியம் வெளியே வந்துவிடும். ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 6 என்று, இருக்க வேண்டியதைவிட அதிகமாக வரும், ஆளுக்கு ஒன்றும் இருக்காது, வீடே பதறிப்போகும். நல்ல லேப் அந்த சாம்பிளை நிராகரித்துவிட்டு மறுபடி கூப்பிடும். அலைய வைக்கிறார்கள் என்று தயவுசெய்து அவர்களிடம் சண்டை போடாதீர்கள்.