நான்காவது பயணத்தில் கிடைத்த மெழுகுக் கட்டி

அக்காவுக்குச் சென்னையில் வயிற்றைத் திறந்து கட்டிகளை எடுத்து, அதே மேசையில் சூடாக்கிய புற்றுநோய் மருந்தும் ஓடவிட்டு 14 மாதம் ஆகிறது. 9 மணி நேரம் அறைக்கு வெளியே காத்திருந்த அந்த நாளைவிட, அதற்கு முன், அக்காவின் சதைத் துண்டைப் பதித்துவைத்த ஒரு மெழுகுக் கட்டிக்காக அலைந்த 7 வாரம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியின் புறணியில் வரும் இந்தப் புற்றுநோய், வருடத்துக்குப் பத்து இலட்சம் பேரில் ஒருவர் இருவருக்கே வருகிறது. அதனால் வழி கேட்கவும் ஆள் கிடைப்பதில்லை. இலங்கை மலையகத்தில் இன்னொரு வீட்டுக்கு இந்த நிலை வந்தால் அந்த 7 வாரமாவது மிஞ்சட்டும்.

அக்கா பொகவந்தலாவைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். முகம் நிலாப் போல உருண்டது, நாடியில் மயிர் முளைத்தது, பிரஷர் ஏறியது, சீனி ஏறியது. எல்லாவற்றுக்கும் தனித்தனியாக மாத்திரை கொடுத்தார்கள். இடது அட்ரீனல் சுரப்பியில் இருந்த கட்டி கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனை அளவின்றிச் சுரக்கிறது என்று கண்டுபிடிக்க ஒன்றரை வருடம் சென்றது. பெரிய அரச வைத்தியசாலை ஒன்றில் கட்டியை எடுத்தார்கள். "முழுதாக எடுத்தாயிற்று" என்றார்கள். இரண்டு வருடம் கழித்து எடுத்த ஸ்கேனில், வயிற்றின் உள்உறையில் சின்னச் சின்ன முடிச்சுகளாக நோய் திரும்பியிருந்தது. நுரையீரலிலும் ஈரலிலும் ஒன்றும் இல்லை.

நோய் வயிற்றறைக்குள் மட்டும் நிற்பதால்தான் இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசவே முடிகிறது என்று எங்கள் புற்றுநோய் வைத்தியர் சொன்னார். வேறொன்றையும் அவர் ஒளிக்கவில்லை. வேறு சில வயிற்றுப் புற்றுநோய்களுக்கு இது பழகிய முறை. அட்ரீனல் புற்றுநோய்க்கு அப்படி அல்ல. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் மேரிலாந்தில் நடத்திய ஒரு சிறிய இரண்டாம் கட்ட ஆய்வுதான் பெரும்பாலும் கையில் இருக்கும் ஆதாரம். "குணமாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன், காலம் கிடைக்கலாம்" என்றார். அந்த வார்த்தைக்காக அவரை இன்றும் கும்பிடுகிறேன்.

சென்னை டாக்டர் இரண்டே பொருட்கள் கேட்டார்: முதல் கட்டியின் மெழுகுக் கட்டி, முதல் சத்திரசிகிச்சையின் குறிப்பு. எடுத்த சதையை மெழுகில் பதித்து ஆய்வுகூடத்தில் வைத்திருப்பார்கள். அதைச் சீவித்தான் திரும்பப் பார்க்க முடியும். செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் கேஐ 67 என்ற சோதனையை எங்களுக்கு முதலில் செய்திருக்கவே இல்லை. இவை வராமல் தேதி கொடுக்கமாட்டேன் என்றார். அதில் தவறில்லை.

முதல் பயணம். விடியற்காலை பஸ் பிடித்து, மூன்று பஸ் மாறி, கட்டியை எடுத்த அந்த வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. ஜன்னலில் இருந்த எழுதுவினைஞர் வைத்தியசாலை அட்டையைப் பார்த்தார், அடையாள அட்டையைப் பார்த்தார். ஒன்றில் லக்ஷ்மி, மற்றதில் லெட்சுமி. "இது வேறு ஆள்" என்று இரண்டையும் திருப்பித் தள்ளினார். தோட்டத்தில் பிறந்த யாருக்கும் இது புதிதல்ல. பிறப்பைப் பதிந்தவர் ஒரு விதமாக எழுதுவார், பாடசாலையில் ஒரு விதம், அட்டை கொடுத்தவர் இன்னொரு விதம். அதற்கான தண்டனையை அக்கா நோயோடு சேர்த்து அனுபவித்தார். சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி, கிராம உத்தியோகத்தரிடம் கடிதம். ஒரு வாரம் போனது.

இரண்டாவது முறை, சத்திரசிகிச்சை செய்த வைத்தியரின் கடிதம் வேண்டும் என்றார்கள். அவர் இடமாற்றத்தில் போயிருந்தார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன? கேட்டேன். பதிலில்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். மூன்றாவது முறை அந்தப் பிரிவில் இருந்த வேறொரு வைத்தியர் கையெழுத்திட்டார். ஆய்வுகூடத்தில் இரண்டு கண்ணாடித் தகடுகளை உறையில் போட்டுத் தந்தார்கள். வேலை முடிந்தது என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். சாயம் போட்ட தகடு போதாது, மெழுகுக் கட்டியேதான் வேண்டும் என்று சென்னையில் இருந்து செய்தி வந்தது. அன்றிரவு அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான்காவது முறை நான் பெயரைச் சொல்லவே இல்லை. அட்டையின் மூலையில் சிறிதாக எழுதியிருந்த பி.எச்.டி. (வார்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் போடும் கட்டில் சீட்டு) இலக்கத்தையும் நோயியல் அறிக்கை இலக்கத்தையும் பெரிதாக ஒரு தாளில் எழுதி நீட்டினேன். ஆய்வுகூடத்தில் இருந்த இளம் சிங்களப் பெண் அதை வாங்கிக்கொண்டு களஞ்சிய அறைக்குள் போனார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, தேயிலைத் தூள் பாக்கெட்டை விடச் சிறிய ஒரு பொட்டலத்தை என் உள்ளங்கையில் வைத்தார். "இரண்டு கட்டி இருந்தது மல்லி (தம்பி), ஒன்றை இங்கே வைத்துக்கொள்கிறோம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கட்டடத்தில் முதல் நாளில் இருந்து இருந்தது அது. இலக்கத்தைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை, கொடுக்க எனக்கும் தெரியவில்லை.

சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதி அன்றே கிடைத்தது. அதில் ஒரு வரி: மண்ணீரலில் இருந்து பிரிக்கும்போது கட்டியின் உறை கிழிந்தது. வீட்டுக்குப் போகும்போது எங்களுக்குக் கொடுத்த அட்டையில் அந்த வரி இல்லை. வாயாலும் யாரும் சொல்லவில்லை. பெரிய கட்டியில் உறை கிழிவது கைதேர்ந்த வைத்தியருக்கும் நேரலாம், அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் புற்றுநோயில் உறை கிழிந்தால் செல்கள் வயிற்றுக்குள் சிந்தக்கூடும். எங்களுக்குத் தெரிந்திருந்தால் இரண்டு வருடத்தில் எடுத்த ஸ்கேனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்டு வாங்கியிருப்போம். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆகவே கட்டி எடுத்த வீட்டார் யாராக இருந்தாலும், துண்டு வெட்டி வீட்டுக்கு விடும் நாளிலேயே இந்தக் குறிப்பைக் கேளுங்கள். மெழுகுக் கட்டியின் இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள்.

கடவுச்சீட்டும், கண்டியில் விண்ணப்பித்த இந்திய மருத்துவ விசாவும் சிரமமின்றிக் கிடைத்தன. நோயாளியோடு உதவியாளர் இருவர் வரை போகலாம். பணத்துக்கு, அக்காவின் சேமலாப நிதியில் 30 வீதத்தை மருத்துவச் செலவுக்கென்று எடுத்தோம். மீதி நகையும் கடனும். மண்ணீரலை எடுக்க நேரலாம் என்பதால் இரண்டு வாரம் முன்பே தடுப்பூசிகளைப் போடச் சொன்னார்கள். இதைப் பயணத்துக்கு முன் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சென்னையில் அறை வாடகை கொடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

விமான நிலையத்துக்குப் போன இரவில்தான் அக்காவை இழக்கப் பார்த்தோம். அப்போது மைட்டோடேன் மாத்திரை தொடங்கியிருந்தார்கள். அது நோயை மட்டுமல்ல, மீதமிருக்கும் நல்ல சுரப்பியையும் முடக்கும். உடம்புக்கு வேண்டிய கோர்ட்டிசோலை ஹைட்ரோகோர்ட்டிசோன் மாத்திரையாகத்தான் கொடுக்க வேண்டும். கினிகத்தேனையில் இருந்து கித்துல்கலைக்கு இறங்கும் வளைவுகளில் அக்கா வாந்தியெடுத்தார். மாத்திரையும் வெளியே வந்துவிட்டது. மறுபடி கொடுத்தேன், அதுவும் நிற்கவில்லை. அடிவாரத்துக்கு வரும்போது உடம்பு சில்லிட்டு, "தம்பி, கண் இருட்டுகிறது" என்றவர் பிறகு பேசவில்லை.

வழியில் இருந்த வைத்தியசாலையில் பயண மயக்கம் என்று சேலைன் ஏற்றினார்கள். ஹோர்மோன் வைத்தியரின் கடிதம் பெட்டிக்குள், நூற்றுக்கணக்கான தாள்களுக்கு நடுவே இருந்தது. தேடி எடுக்க 40 நிமிடம். அதன் பிறகே 100 மில்லிகிராம் ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து பிளேன்டீ கேட்டார். இந்த மாத்திரையில் இருப்பவர் வாந்தியெடுத்தால் ஊசிதான் வேண்டும், காத்திருக்கக் கூடாது. அந்தக் கடிதம் பெட்டியில் அல்ல, சட்டைப் பையில் இருக்க வேண்டும். மலைப்பாதையில் இறங்குகிறவர்கள் வாந்திக்கான மாத்திரையைப் புறப்படுமுன்பே கொடுத்துவிடுங்கள்.

சென்னையில் நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த முடிச்சுகளை எல்லாம் எடுத்தார்கள், மண்ணீரலும் போனது. பிறகு சிஸ்பிளாட்டின் கலந்த திரவத்தை 42 பாகை சூட்டில் 90 நிமிடம் வயிற்றுக்குள் சுற்ற விட்டார்கள். சிறுநீரகத்தைக் காக்கத் தனி மருந்து நரம்பில் ஏறியது. ஆறாம் நாள்தான் கஞ்சி. காதில் ஒரு ரீங்காரம் இருப்பதாக அக்கா இன்னும் சொல்கிறார். சிஸ்பிளாட்டின் செவியைத் தாக்கும் என்று தெரியும். ஆனால் முன்கூட்டியே செவிச் சோதனை செய்து வைக்காததால், எவ்வளவு குறைந்தது என்று இப்போது அளக்க வழியில்லை.

கடைசி ஸ்கேனில் புதிதாக ஒன்றும் இல்லை. மைட்டோடேன் தொடர்கிறது. இரத்தத்தில் லீட்டருக்கு 14 முதல் 20 மில்லிகிராமுக்குள் நிற்க வேண்டும் என்கிறார்கள். பாலோடு, கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்கினால்தான் உடம்பில் சேர்கிறது.

ஊருக்கு வந்ததும் முதலில் செய்தது ஒன்று. ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி மருந்து இரண்டு குப்பியும், தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய ஒரு பக்கக் கடிதமும் தோட்டத்து மருந்தகத்தில் கொடுத்து வைத்தோம். போன மாதம் நள்ளிரவில் அக்காவுக்குக் காய்ச்சலும் வாந்தியும் வந்தது. அத்தான் லயத்தில் இருந்து தூக்கிக்கொண்டு ஓடினார். நான் ஹட்டனில் இருந்து போய்ச் சேருமுன் ஊசி போட்டு முடிந்திருந்தது. மருந்தகத்து ஐயா கடிதத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.